கோயில் கமிட்டியும் குற்றவாளிப் பதிவேடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவுக்கு ஒருவர் பரோலில் திரும்பி வந்திருக்கிறார். சின்னப் பிள்ளையிடம் தப்பாக நடந்ததற்காக ஜெயிலுக்குப் போனவர் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது கோயில் ஹாலில் நாற்காலி போடுகிறார், அன்னதானத்தில் பரிமாறுகிறார், பூட்டு சாவி கூட அவரிடம்தான் இருக்கிறது. என் எட்டு வயது மகள் அதே ஹாலில்தான் சனிக்கிழமை தமிழும் நாட்டியமும் படிக்கிறாள். கமிட்டியில் சொன்னால் 'பாவம், தண்டனையை அனுபவித்துவிட்டார், விடுங்கள் சிஸ்டர்' என்கிறார்கள். அரசாங்கம் இப்படிப்பட்ட குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நமக்கு ஏன் காட்டுவதில்லை? நான் என்ன செய்வது? மகளிடம் சொல்லலாமா?"

முதலில் நேரடிப் பதில். பட்டியலை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஆனால் உங்கள் கமிட்டி முறைப்படி விண்ணப்பித்தால் பதில் வரும். விண்ணப்பிக்காமல் அவருக்கு வேலை கொடுத்து, சாவியையும் கொடுத்து வைத்திருப்பதுதான் சட்டப்படி தவறு. பாவம் பார்ப்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் டர்பனில் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளில் பல காலமாக வேலை பார்க்கும் சமூகப் பணியாளர். இந்தக் கேள்வி சாட்ஸ்வர்த்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஃபீனிக்ஸ், டொங்காட், மெரிபேங்க், லெனேஷியா என்று நம் ஆட்கள் இருக்கும் எல்லா இடத்திலும் இதே கேள்விதான். எல்லோருடைய கவனமும் பட்டியலை வெளியிடுவதிலேயே இருக்கிறது. பட்டியலைப் பயன்படுத்தும் பொறுப்பைச் சட்டம் யாரிடம் கொடுத்திருக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் ஒன்றல்ல, இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. முதலாவது, பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு. 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம், அதாவது 32-ஆம் எண் சட்டம், இதை ஏற்படுத்தியது. 2009 ஜூன் மாதக் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. நீதித் துறையின் கையில் இருக்கிறது. பெரும்பாலும் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களின் பெயர்தான் இதில் ஏறும். ஆரம்பத்தில் குழந்தைகள், மனநலக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு எதிராகக் குற்றம் செய்தவர்கள் மட்டுமே இதில் இருந்தார்கள். 2022 ஜூலை கடைசியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, யாருக்கு எதிராகப் பாலியல் குற்றம் செய்திருந்தாலும் பெயர் ஏறும். பெயரை நீக்கக் கேட்பதற்கான காத்திருப்புக் காலமும் நீண்டிருக்கிறது. 18 மாதத்துக்கு மேல் அபராத வாய்ப்பில்லாத சிறைத் தண்டனை பெற்றவரின் பெயர் நீங்கவே நீங்காது.

இரண்டாவது, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் கீழ் வருவது, சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருப்பது. இதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றிய பதிவு இருக்கும், அது நமக்குத் தேவையில்லை. இரண்டாம் பகுதிதான் முக்கியம்: பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள். இதில் ஒருவர் பெயர் ஏற குற்றவியல் தீர்ப்பு வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் நீதிமன்றம் சொன்னாலும் ஏறும், வேலையிடத்து ஒழுங்கு விசாரணை ஒன்றில் அப்படி முடிவானாலும் ஏறும், குற்ற வழக்கில் விடுதலையானவரின் பெயர்கூட ஏற வழி உண்டு. பள்ளிக்கூடங்களில் "படிவம் 30 கொண்டு வா" என்பார்களே, அது இந்தப் பதிவேட்டுக்கானது.

பல அமைப்புகள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிடுகின்றன. இன்னும் சிலர் போலீஸ் கிளியரன்ஸ் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போலீஸ் கிளியரன்ஸ் என்பது பொதுவான குற்றப் பதிவு. அதை வாங்கிவிட்டோம் என்பதற்காக இந்த இரண்டு பதிவேடுகளையும் விட்டுவிடக் கூடாது.

சரி, கமிட்டிக்கு வருவோம். "நாங்கள் கோயில், கம்பெனி இல்லை. அவர் சம்பளக்காரர் இல்லை, சேவை செய்கிறார்" என்று தலைவர் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டாலும் சொல்லப் போகிறார். சட்டம் அந்த வாசலை முன்பே அடைத்துவிட்டது. பாலியல் குற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் "வேலை கொடுப்பவர்" என்பதற்கான விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். நிறுவனம், கிளப், விளையாட்டுக் கிளப், சங்கம், அமைப்பு என எல்லாமே வருகின்றன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமல்ல, பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் போய்வரும் வாய்ப்புள்ளவர் எல்லோருக்கும் இது பொருந்தும். "வேலை செய்பவர்" என்பதற்கும் அப்படித்தான்: சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்த அமைப்பின் காரியத்துக்கு எந்த வகையில் கைகொடுத்தாலும் அவர் அதில் அடக்கம். நாற்காலி போடுபவர், நாட்டிய டீச்சர், மிருதங்கம் வாசிப்பவர், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரர், காவடிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் தொண்டர் என்று யாரும் தப்ப முடியாது.

இப்படி ஒருவரைச் சேர்க்கும்போது முதல் பதிவேட்டின் பதிவாளரிடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. பெயர் இருந்தால் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே சேர்த்திருந்தால் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து உடனே விலக்க வேண்டும். தெரிந்தே மீறினால் அபராதம் அல்லது 7 ஆண்டு வரை சிறை. அதே சட்டம் அந்த மனிதருக்கும் கடமை வைத்திருக்கிறது. தன்மேல் அப்படித் தீர்ப்பு இருப்பதை வேலை கொடுப்பவரிடம் அவரே சொல்ல வேண்டும், மறைத்தால் அதுவும் குற்றம்.

நம் கோயில்களில் ஒன்று பார்த்திருப்பீர்கள். பணம் என்று வந்தால் எவ்வளவு கண்டிப்பு! உண்டியலைத் திறக்க மூன்று பேர் உட்கார வேண்டும், செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சாம்பிராணிச் செலவுக்குக் கூட ரசீது கேட்பார்கள். அதே ஹாலில் கிளாஸ் முடிந்து, கடைசியாக நிற்கும் ஒரு பிள்ளையை "நான் போகிற வழியில் இறக்கிவிடுகிறேன்" என்று ஒரு அங்கிள் காரில் ஏற்றிக்கொண்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த ரசீதுக்குக் காட்டும் கண்டிப்பில் பாதியை இங்கே காட்டினால் போதும் என்று நான் ஒவ்வொரு கமிட்டியிடமும் சொல்லி வருகிறேன்.

நீங்கள் கமிட்டியில் பேசும்போது அந்த மனிதரின் பெயரை எடுத்து ஆரம்பிக்காதீர்கள். அங்கேதான் பேச்சு தடம் மாறுகிறது. அவருடைய அண்ணன் எழுந்து நிற்பார், குடும்ப மானம் என்பார், கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பதிலாகப் பொதுத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்: பிள்ளைகள் வரும் எந்த நிகழ்ச்சியிலும் வேலை செய்யும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும், தலைவர், செயலாளர், அர்ச்சகர் உட்பட, இரண்டு பதிவேடுகளிலிருந்தும் சான்று வாங்க வேண்டும். சான்று வரும்வரை தனியாகப் பிள்ளைகளிடம் போகக் கூடாது, ஹால் சாவி கையில் இருக்கக் கூடாது. எல்லோருக்கும் பொருந்தும் விதி என்றால் யாரையும் குறிவைத்ததாகாது. தலைவர் தன் படிவத்தில் முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் முணுமுணுக்காமல் போடுவார்கள். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். சட்டப் பிரிவின் எண் குறிப்பில் ஏறிவிட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

எழுத்து வேலை அதிகம்தான். அடையாள அட்டையின் சான்றளித்த நகல் வேண்டும், பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆரம்பித்தால் நடக்காது. பள்ளி விடுமுறைக் காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், நமக்கே உரியது. இங்கே பல கோயில்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அர்ச்சகர்கள், நாதஸ்வரக்காரர்கள், நாட்டிய ஆசிரியர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்கள், வீட்டைப் பிரிந்து வந்து உழைப்பவர்கள். ஆனால் ஒருவர் நேற்றுதான் விமானத்தில் வந்து இறங்கினார் என்றால், இங்குள்ள பதிவேட்டில் அவருடைய பெயர் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. விசாவுக்காக அவர் தன் நாட்டுக் காவல்துறைச் சான்று கொடுத்திருப்பார். 18 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது கேட்கப்படும். அதன் நகலைக் கமிட்டியும் வாங்கி வைக்கட்டும். அவர் முன்பு வேலை செய்த கோயிலுக்கோ பள்ளிக்கோ ஒரு போன் போட்டு, "இவரைப் பிள்ளைகளோடு மறுபடியும் வைத்துக்கொள்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மறுமுனையில் உடனே பதில் வராமல் தயக்கம் தெரிந்தால், எதனால் என்று விடாமல் கேளுங்கள்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். பட்டியலை ஏன் ஊருக்குக் காட்டவில்லை?

பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு சட்டப்படி ரகசியமானது. அதிலுள்ள விவரத்தை அனுமதியில்லாமல் வெளியிடுவது குற்றம். 2025 தொடக்கத்தில் நீதித் துறை அமைச்சர் மாமோலோகோ குபாயி பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப் போவதாக அறிவித்தார். பிப்ரவரி கடைசி என்று தேதியும் சொன்னார். அப்புறம் தனியுரிமைச் சட்டக் கேள்விகள் எழுந்தன, தேதி தள்ளிப்போனது. அறிவிப்பு வந்த அன்று எனக்குத் தெரிந்த தாய்மார்கள் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த உணர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனாலும் பட்டியலை அப்படியே இன்டர்நெட்டில் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. அதற்குக் காரணம் குற்றவாளிமேல் உள்ள இரக்கம் அல்ல.

முதல் காரணம், பாதிக்கப்பட்ட பிள்ளை. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்: மாமா, சித்தப்பா, மாற்றான் தந்தை, பக்கத்து வீட்டு அண்ணன். சாட்ஸ்வர்த்தில் ஒருவர் பெயரைப் போட்டு, "உறவுக்காரப் பெண் பிள்ளைக்கு எதிரான குற்றம்" என்று எழுதிவிட்டால், எந்தப் பிள்ளை என்று அன்று சாயங்காலமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் 18 வயது ஆன பிறகும் காக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர்ப் பட்டியல் ஒன்று அந்தப் பாதுகாப்பை ஒரே நாளில் உடைத்துவிடும். அப்படி உடையும் என்று தெரிந்தால் அடுத்த தாய் புகார் கொடுக்கவே வரமாட்டாள். இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயப்படுகிறேன்.

இரண்டாவது, அமெரிக்காவின் அனுபவம். 1994-ல் நியூ ஜெர்சியில் மேகன் கான்கா என்ற ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட பிறகு, குற்றவாளி எங்கே வசிக்கிறார் என்பதை ஊருக்கு அறிவிக்கும் சட்டம் அங்கே வந்தது, 1996-ல் நாடு முழுவதும் பரவியது. பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் பல மாநிலங்களின் விவரங்களை வைத்து எழுதியது கவனிக்க வேண்டியது. குற்றவாளியின் விலாசம் காவல்துறைக்குத் தெரிந்திருந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்கள் குறைகின்றன. ஆனால் ஊருக்கே அறிவிப்பது, பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் மீண்டும் குற்றம் செய்வதைக் குறைக்கவில்லை, கூட்டக்கூடச் செய்யலாம். வீடு கிடைக்காமல், வேலை கிடைக்காமல், இழக்க ஒன்றும் இல்லாதவனாக ஆக்கப்பட்டவன் எங்கே போகிறான் என்று நாமும் யோசிக்க வேண்டும். சாட்ஸ்வர்த்திலிருந்து விரட்டினால் வெருலத்தில் யாருக்கும் தெரியாத ஒரு அவுட்பில்டிங்கில், அதாவது வீட்டுக்குப் பின்னால் கட்டிய அறையில், வாடகைக்கு இருப்பான். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கேயும் ஒரு தாய் இருக்கிறாள்.

அப்படியானால் எதுவும் தெரியாமல் இருக்கச் சொல்கிறேனா? இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள முறை எனக்குப் பிடித்தது. அங்கும் பதிவேடு ரகசியம்தான், ஆனால் காவல்துறை அதை வைத்து ஆட்களைத் தொடர்ந்து கண்காணிக்கிறது. 2008-ல் சில இடங்களில் சோதித்து, 2011-க்குள் எல்லாக் காவல் பகுதிகளுக்கும் ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். தன் பிள்ளையோடு பழகும் ஒரு குறிப்பிட்ட நபரைப் பற்றிப் பெற்றவர் காவல்துறையிடம் கேட்கலாம். ஆபத்து உண்டு என்று தெரிந்தால் அந்தப் பெற்றவருக்கு மட்டும் சொல்வார்கள். வெளியே பரப்பக் கூடாது என்பது நிபந்தனை. உங்கள் நிலைமைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். உங்களுக்கு நாட்டிலுள்ள எல்லாக் குற்றவாளிகளின் பெயரும் வேண்டாம், ஹால் சாவி வைத்திருக்கும் இந்த ஒருவரைப் பற்றித்தான் தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கு இப்படி ஒரு கேட்கும் உரிமை வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் நாடாளுமன்ற நீதித் துறைக் குழுவுக்கும் எழுதும்போது "பட்டியலைத் திற" என்று எழுதாமல் "பெற்றவர் கேட்டால் பதில் சொல்லும் முறையைக் கொண்டு வா" என்று எழுதுங்கள்.

அதுவரை, உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய போட்டோ சுற்ற ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். பெயர் ஒற்றுமையால் தவறான ஆளை அடித்த கதைகள் உண்டு. அதைவிட, அந்தப் போட்டோவின் கீழே "இவன்தானே அந்த அக்கா பொண்ணை..." என்று ஒருவர் எழுதிவிடுவார். அந்தப் பொண்ணு இன்றைக்கு யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருப்பாள், அவளும் அந்த மெசேஜைப் பார்ப்பாள்.

பரோல் விஷயம். அவர் இன்னும் பரோலில் இருக்கிறார் என்றால், சுதந்திரமாக வெளியே வந்தவர் அல்ல. தண்டனையின் ஒரு பகுதியை வெளியிலிருந்து அனுபவிப்பவர். சிறைத் துறையின் சமூகக் கண்காணிப்பு அலுவலகம் ஒன்றின் பொறுப்பில் இருப்பார், அவருக்கு நிபந்தனைகள் இருக்கும். இன்ன நேரம் வீட்டிலிருக்க வேண்டும், இன்னாரை நெருங்கக் கூடாது, இன்ன இடத்துக்குப் போகக் கூடாது, இந்த மாஜிஸ்திரேட் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அதில் வரலாம். பிள்ளைகள் கூடும் ஹாலில் வேலை செய்வது அந்த நிபந்தனையை மீறுவதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். நிபந்தனைகளின் நகலை உங்களிடம் தரமாட்டார்கள், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை. எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் கலக்காதீர்கள். ஒரு கண்காணிப்பு அதிகாரியின் தலையில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர் கண்ணுக்கு எட்டாத சனிக்கிழமை காலையில் ஹாலில் நடப்பதை உங்களைப் போல் ஒருவர் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

காலில் மின்னணுப் பட்டை மாட்டிக் கண்காணிப்பதை 2012-ல் இங்கே சோதனையாகத் தொடங்கினார்கள், அது நிலைக்கவில்லை. அதைப் பற்றிப் பெரிதாக ஏமாற்றம் வேண்டாம் என்பது என் எண்ணம். ஒருவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று பட்டை சொல்லும், யாரோடு நிற்கிறார் என்று சொல்லாது. எனக்குள்ள பெரிய கவலை வேறு. பரோல் காலம் முடிந்ததும் சிறைத் துறையின் கண்காணிப்பு அடியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு மிஞ்சுவது பதிவேடு மட்டும், அதையும் யாராவது கேட்டால்தான் அது வாய் திறக்கும். சிகிச்சையும் கண்காணிப்பும் சேர்ந்து தொடர வேண்டிய இடத்தில் அரசாங்கம் கையை எடுத்துவிடுகிறது. பட்டியலைத் திறப்பதைப் பற்றிய பரபரப்பில் இந்த ஓட்டையைப் பற்றிப் பேச ஆளில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பம் யாரென்று உங்களுக்குத் தெரிந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இத்தகைய குற்றங்களில் பரோல் வாரியத்தின் முன் கருத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 299ஏ பிரிவு. ஆனால் அவர்கள் தங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் சிறைத் துறையிடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வழக்கு நடந்தபோது இருந்த வீட்டை விட்டுப் போயிருப்பார்கள், சிம் கார்டு மாறியிருக்கும், கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிடும். திடீரென்று ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்து அந்தப் பெண் உறைந்து போவாள். விலாசத்தை மாற்றிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. புதிதாக வழக்கு முடிகிற குடும்பங்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: தண்டனை அறிவித்த அன்றே அரசு வழக்கறிஞரிடம், பெயரைப் பதிவேட்டில் சேர்க்கும் உத்தரவு போடப்பட்டதா என்று கேளுங்கள். நீதிமன்றத்திலிருந்து தாள் பதிவாளருக்குப் போனால்தான் பெயர் ஏறும்.

"தண்டனையை அனுபவித்துவிட்டார்" என்று கமிட்டியில் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவர் கோயிலுக்கு வரலாம், சாமி கும்பிடலாம். பிள்ளைகள் கிளாஸ் இல்லாத நேரத்தைச் சொல்லி, கூடவே ஒரு பெரியவர் இருக்கும்படி ஏற்பாடு செய்து, அதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். உண்மையில் திருந்த நினைப்பவருக்கு அது பாதுகாப்பும் கூட, வீண்பழி வராது. ஆனால் பிள்ளைகளிடம் போகும் வழி அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியதில்லை. அது உரிமை அல்ல, நம்பிக்கை. சட்டமும் கண்மூடித்தனமாக இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். குற்றம் செய்தவரே ஒரு சிறுவனாக இருந்த வழக்கில், அவனுடைய தரப்பைக் கேட்காமல் தானாகப் பெயரைச் சேர்ப்பது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2014-ல் சொன்னது. பதினான்கு வயதில் செய்த ஒன்றுக்காக ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் யோசிக்காமல் மூடிவிடக் கூடாது என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. உங்கள் தெருக்காரர் சிறுவன் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கசப்பான உண்மை. இந்தப் பதிவேடுகளில் இருப்பவர்கள் பிடிபட்டவர்கள். பிடிபடாதவர்கள்தான் அதிகம், அவர்கள் எல்லோருடைய சான்றிதழும் சுத்தமாக வரும். நம் குடும்பங்களில் விஷயம் வெளியே வருவதற்குள் பாட்டி ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம் உட்கார்ந்து "பொண்ணோட எதிர்காலம்" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். அந்த ஆளைக் கேப் டவுனுக்கோ ஜோபர்க்குக்கோ அனுப்பிவிடுகிறார்கள், சத்தம் அடங்கிவிடுகிறது. சட்டப்படி அந்த அறையில் உட்கார்ந்த எல்லோரும் குற்றவாளிகள். ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்த எவரும் உடனே போலீஸில் சொல்ல வேண்டும் என்கிறது பாலியல் குற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 5 ஆண்டு வரை சிறை. குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு ஆசிரியர், மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு மதத் தலைவர்களையும் சேர்த்திருக்கிறது. அர்ச்சகரிடம் யாராவது அழுதுகொண்டு வந்து சொன்னால், "முருகனிடம் விட்டுவிடு" என்று விபூதி கொடுத்து அனுப்பிவிட முடியாது. நியாயமான சந்தேகம் இருந்தாலே அவர் தெரிவித்தாக வேண்டும். அப்படி ஒருவர் தெரிவித்தால்தான் ஒரு பெயர் பதிவேட்டில் ஏறும்.

சாட்ஸ்வர்த் ஆட்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனையில் துதுசேலா மையம், அதாவது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையம், இருக்கிறது, ஃபீனிக்ஸ்காரர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில். மருத்துவப் பரிசோதனை, ஆலோசனை, போலீஸ் வாக்குமூலம் எல்லாம் அங்கேயே நடக்கும், பிள்ளையை நாலு இடத்துக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். குளிப்பாட்டாமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். பல வருஷம் ஆகிவிட்டதே என்றும் தயங்க வேண்டாம். பாலியல் குற்றங்களுக்கு 20 ஆண்டுக் காலவரம்பு வைத்திருந்த விதியை 2018 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கடைசியாக, மகளிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். அந்த மனிதரின் கதையைச் சொல்ல வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பாரம். அதோடு, "கெட்டவன் அவன் ஒருத்தன்தான், மற்ற எல்லோரும் நல்லவர்கள்" என்று அவள் மனதில் பதிந்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து. யாருக்கும் பொருந்தும் விதியாகச் சொல்லுங்கள்: "கிளாஸ் முடிந்தால் டீச்சர் பக்கத்திலேயே நில். அம்மா, அப்பா, சாந்தி பெரியம்மா, இந்த மூன்று பேர் வந்தால் மட்டும் போ. வேறு யார் கூப்பிட்டாலும், தெரிந்த மாமாவாக இருந்தாலும், போகாதே." சாந்தி பெரியம்மா என்பது நான் வைத்த பெயர், உங்கள் வீட்டில் யாரோ அவரை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக் கொடுங்கள், நாளைக்கு வாக்குமூலம் என்று வந்தால் அந்தச் சொல் வேண்டும். யாராவது "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொன்னால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். பெரியவர்களுக்கு முத்தம் கொடு, மடியில் உட்கார் என்று நீங்களும் வற்புறுத்தாதீர்கள். தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் நம்பர் 116, கட்டணம் இல்லை, பிள்ளையே கூப்பிடலாம். அதை அவளுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள். கமிட்டிக்குத் தீர்மானம் எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், வரைவு எழுதித் தருகிறேன்.